வளர்ப்பு மகளின் பெருநாள்

சீனர்களுக்குப் புத்தாண்டு நாளைவிட அதற்கு முந்தைய இரவுச் சாப்பாடு பெரிது. பிழைப்புக்காக ஊர் ஊராகச் சிதறியவர்கள் ரயிலும் பேருந்தும் பிடித்து வந்து தாத்தா பாட்டியோடு ஒரே மேசையில் உட்காரும் இரவு அது. குடும்பம் ஒன்றுகூடுவதற்கென்றே ஏற்பட்ட இந்தப் பெருநாளை 1990களிலிருந்து அமெரிக்காவில் ஒரு புதிய கூட்டம் கொண்டாடத் தொடங்கியது. பெற்றோர் பெரும்பாலும் வெள்ளையர்கள். மகள் சீனாவில் பிறந்தவள். அவளைப் பெற்றவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பெற்றவர்களைப் பிரிந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கூடிச்சேரும் பெருநாளைக் கொண்டாடுவது எப்படி? இந்தச் சிக்கலை அந்தக் குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகச் சமையலறையிலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் வைத்து அவிழ்க்கப் பார்த்திருக்கின்றன. அதே சிக்கல் அரை நூற்றாண்டு முன்னதாகவே மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் வீடுகளுக்குள் வந்திருந்தது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலில் அமெரிக்கக் கதை. சீன அரசு 1991 டிசம்பரில் தத்தெடுப்புச் சட்டத்தை இயற்றி, 1992 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1980இல் தொடங்கிய ஒரே குழந்தைக் கொள்கையின் கெடுபிடி அப்போது கடுமையாக இருந்தது. கிராமப்புறங்கள் பலவற்றில் முதல் குழந்தை பெண்ணானால் மட்டும் இன்னொன்றுக்கு அனுமதி உண்டு. இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால் அபராதம், வேலை இழப்பு, கட்டாய அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் காத்திருக்கும். சந்தையிலும் ரயில் நிலையத்திலும் அனாதை இல்லத்து வாசலிலும் பெண் குழந்தைகள் விடப்பட்டார்கள். சீனர்களுக்குப் பெண் என்றாலே வேண்டாம், அதனால் எறிந்துவிட்டார்கள் என்று மேற்கில் சுலபமாகச் சொல்லி முடித்தார்கள். கே ஆன் ஜான்சன் அதை ஏற்கவில்லை. அரசியல் அறிவியல் பேராசிரியரான அவர் தாமே சீனாவிலிருந்து ஒரு மகளைத் தத்தெடுத்தவர். கண்டெடுத்த பெண் குழந்தைகளை வளர்க்க உள்ளூரிலேயே ஏராளமானோர் ஆசையாக முன்வந்தார்கள் என்று அவருடைய கள ஆய்வுகள் காட்டின. தத்தெடுப்பவர் 35 வயதைக் கடந்தவராகவும் குழந்தை இல்லாதவராகவும் இருக்கவேண்டும் என்று 1991 சட்டம் போட்ட நிபந்தனை அவர்களை விலக்கி வைத்தது. இல்லங்கள் நிரம்பின, வெளிநாட்டார் வந்தார்கள். 2005ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவுக்குப் போன சீனக் குழந்தைகள் ஏறத்தாழ 7,900 பேர். மூன்று பத்தாண்டுகளில் அமெரிக்காவில் 82,000க்கும் மேல், உலகம் முழுவதும் 1,60,000க்கும் மேல் என்பது கணக்கு.

1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் வயது வரம்பை 30ஆகக் குறைத்தது. இல்லத்துக் குழந்தைகளைத் தத்தெடுப்பவருக்குப் பிள்ளை இருக்கக்கூடாது என்ற நிபந்தனையையும் நீக்கியது. இதன் விளைவு வீட்டுக்குள் பெரிது. அதுவரை பிள்ளையில்லாத் தம்பதியரும் தனியாக வாழும் பெண்களும் நிறைந்திருந்த வரிசையில், சொந்தப் பிள்ளைகள் இரண்டு மூன்று ஓடி விளையாடும் வீடுகளும் சேர்ந்துகொண்டன. பொன்னிற முடி அண்ணன் ஒருவன், சீன முகத் தங்கை ஒருத்தி. பெருநாள் வந்தால் எது யாருக்கு என்ற கேள்வி அங்கேதான் கூர்மையாக எழுந்தது.

ஆனால் கொண்டாட்டம் என்று வரும்போது முதலில் நிற்பது பிறந்த நாள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அதுவே உத்தேசம். கண்டெடுத்தபோது தொப்புள் காய்ந்திருந்ததா, பல் முளைத்திருந்ததா என்று பார்த்து இல்லத்தார் எழுதிய தேதி அது. சில குழந்தைகளின் துணியில் மட்டும் பிறந்த நாளையும் நேரத்தையும் குறித்த சிவப்புத் தாள் செருகப்பட்டிருந்தது. நம்மூரிலும் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியே பிறந்த நாளாகிப்போன தாத்தாக்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களுக்குத் தம்மைப் பெற்றவள் யார் என்று தெரியும். அதனால் தேதி பிசகியதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இங்கே அப்படி இல்லை. மெழுகுவத்தியை ஊதும் குழந்தையைப் பார்க்கும்போது, இன்று எங்கோ ஒருத்தி இவளை நினைத்துக்கொண்டிருப்பாளா, அல்லது அவளுடைய தேதி வேறா என்ற எண்ணம் வளர்ப்புத் தாய்க்கு வருவதைத் தத்தெடுப்பு ஆய்வுகளின் நேர்காணல்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன.

சீனாவிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கொண்டாட்டத்துக்கான பொருள்கள் பெட்டிக்குள் போய்விடும். அமெரிக்காவுக்குப் போன எல்லாக் குழந்தைகளுக்கும் விசா குவாங்சோவில்தான் கிடைத்தது. நெடுங்காலம் அமெரிக்கத் துணைத் தூதரகம் அங்குள்ள ஷாமியான் தீவில் இருந்தது. பக்கத்திலேயே வெள்ளை அன்னம் என்று பெயர் கொண்ட பெரிய ஓட்டல். பட்டுச் சட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை அந்த ஓட்டலின் சிவப்பு சோபாவில் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பது ஒரு சடங்காகவே ஆயிற்று. பாதிப் பேர் அழுதுகொண்டிருப்பார்கள். மாட்டெல் நிறுவனம் அங்கே தங்குவோருக்கென்றே ஒரு பார்பி பொம்மையைத் தயாரித்துக் கொடுத்தது. பொன்னிறக் கூந்தல் பொம்மையின் கையில் ஒரு சீனக் குழந்தை. சுற்றியிருந்த கடைகளில் தாய்மார்கள் சீனப் பட்டுச் சட்டைகளை ஒன்றுக்கொன்று பெரிய அளவுகளில் அடுக்கடுக்காக வாங்கினார்கள்: இரண்டு வயதுக்கு, மூன்று வயதுக்கு, ஐந்துக்கு. வரப்போகும் புத்தாண்டுகளை அளவெடுத்து வாங்கி வைத்ததுபோல. பதினெட்டு வயது வரை ஆண்டுக்கு ஒன்றாகக் கொடுக்கப் பரிசுப்பொருள் வாங்கியவர்களும் இருந்தார்கள்.

இந்தச் சட்டைகள் வெளியே வரும் நாள் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் எங்கோ விழும். கிறிஸ்துமஸ் மரத்தை இறக்கி வைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். புத்தாண்டு வேலை நாளில் வந்தால் கொண்டாட்டம் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும். ஒரே வட்டாரத்துத் தத்துக் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து, தேவாலய மண்டபத்தையோ பள்ளி மண்டபத்தையோ எடுத்து, ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவருவார்கள். உறைந்த நிலையில் வாங்கிய கொழுக்கட்டை, சோயா குழம்பு நூடுல்ஸ், காகிதத்தில் செய்த சிங்கத் தலை, அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆறு வயதுச் சிறுமிகள், பணம் வைத்த சிவப்பு உறை. வீட்டில் பிறந்த அண்ணனுக்கும் உறை உண்டு, இல்லையென்றால் அழுகை. இலையுதிர் காலத்து முழுநிலவுப் பண்டிகைக்கு மூன்கேக் வாங்குவார்கள். உள்ளே இருக்கும் உப்பிட்ட வாத்து முட்டைக் கருவைக் குழந்தைகள் யாரும் தொடமாட்டார்கள். அந்த முகச்சுளிப்பைக் குழந்தையின் சீனத்தனம் குறைந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு கவலைப்படும் தாய்மார்களும் இருந்தார்கள். பாவம், சீனாவில் வளரும் குழந்தைகளிலும் பலர் அதை ஒதுக்கிவைக்கிறவர்கள்தான்.

கிண்டல் செய்வது எளிது. ஆனால் இந்தத் தவிப்புக்கு வரலாறு உண்டு. கொரியப் போருக்குப் பின் 1950களிலிருந்து அமெரிக்கா சென்ற கொரியக் குழந்தைகளை அன்றைய பெற்றோர் முழுக்க முழுக்க அமெரிக்கப் பிள்ளைகளாகவே வளர்த்தார்கள். நிறம் எங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பது அவர்கள் பெருமையாகச் சொன்ன வாக்கியம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளானபின், எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததே, பள்ளிக்கூடத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததே என்று எழுதவும் பேசவும் தொடங்கினார்கள். எவன் பி. டொனால்ட்சன் தத்தெடுப்பு நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைப் பெற்றோரிடம் வளர்ந்த கொரியர்கள் 179 பேரில் 78 விழுக்காட்டினர், சிறு வயதில் தம்மை வெள்ளையராகவே நினைத்ததாகவோ வெள்ளையராக இருக்க விரும்பியதாகவோ கூறினார்கள். சீனக் குழந்தைகளை எடுத்தவர்கள் இந்தக் குறைகளைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை. சிங்க நடனமும் கொழுக்கட்டையும் அவர்கள் அந்தக் குரலுக்குக் கொடுத்த பதில்.

அந்தப் பதில் எவ்வளவு தூரம் போதும்? இங்கே இரண்டு ஆய்வுகளைச் சொல்லவேண்டும். ஹெதர் ஜேக்கப்சன் 2008இல் வெளியிட்ட நூலில், சீனாவிலிருந்து தத்தெடுத்த வெள்ளைத் தாய்மாரையும் ரஷ்யாவிலிருந்து தத்தெடுத்த வெள்ளைத் தாய்மாரையும் ஒப்பிட்டார். சீனத் தரப்பில் பண்டிகை, மொழி வகுப்பு, நடனம் என்று ஏற்பாடுகள் மிகுதி. ரஷ்யத் தரப்பில் மிகக் குறைவு. ரஷ்யக் குழந்தைக்கும் பிறந்த நாடு, மொழி, பண்டிகை எல்லாம் இருக்கின்றன; ஆனால் தெருவில் போகும்போது அவள் தாயின் பிள்ளைபோலவே தெரிகிறாள், யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்படியானால் பெருநாளின் வேலை பண்பாட்டைக் காப்பது மட்டும் அல்ல. முகவேறுபாட்டுக்கு ஊருக்கு ஒரு விளக்கம் கொடுப்பதும் அதன் வேலை. இந்தச் சுமையை வீட்டில் தூக்கியவர்கள் ஏறக்குறைய எப்போதும் தாய்மார்களே என்பதும் அந்த நூலில் தெரிகிறது. தந்தைமார் மண்டபத்தில் நாற்காலி போட்டார்கள்.

மானிடவியலாளர் ஆண்ட்ரியா லூயி 2015இல் வெளியிட்ட நூல் இன்னொரு கோணத்தில் நுழைகிறது. அவர் வெள்ளைப் பெற்றோரோடு, சீனாவிலிருந்து தத்தெடுத்த சீன அமெரிக்கப் பெற்றோரையும் பார்த்தார். இந்த இரண்டாம் வகையினரிடம் பதற்றம் இல்லை. மொழி அரைகுறையாகத் தெரியும். பண்டிகையை முறைப்படி செய்யாத ஆண்டுகளும் உண்டு. மகளுக்குச் சீனத் தொன்மையைக் கற்பிக்கவேண்டும் என்று அவர்கள் திட்டம் போடவில்லை. பாட்டி வீட்டுக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், சித்தப்பாவோடு சண்டை போட்டார்கள். வெள்ளைக் குடும்பங்கள் கற்றுக்கொடுத்தது ஏட்டில் இருந்து எடுத்த தூய சீனம். சீன அமெரிக்கக் குடும்பங்களில் இருந்தது கலப்படமும் கவனக்குறைவும் கொண்ட அன்றாடச் சீனம். இரண்டாவதில் குழந்தை மூச்சுவிட இடம் அதிகம் என்பது என் கருத்து.

மினசோட்டாப் பல்கலைக்கழக உளவியலாளர் ரிச்சர்ட் எம். லீ இந்த நிலையை 2003இல் ஒரு முரணாக வரையறுத்தார்: வீட்டுக்குள் இவர்கள் பெரும்பான்மையின் பிள்ளைகள், அதன் சலுகைகளோடு வளர்கிறார்கள், வாசலைத் தாண்டினால் சிறுபான்மை. பண்டிகை வீட்டுக்குள் நடப்பது. கண்ணை இழுத்துக் காட்டிக் கேலி செய்யும் பையன் வெளியே இருப்பவன். அவனை எப்படி எதிர்கொள்வது என்று சொல்லித்தர கொழுக்கட்டையால் முடியாது. 2020இல் கொரோனாவோடு சேர்ந்து ஆசிய முகங்கள் மீது வெறுப்பு பெருகியபோது, இருபது வயதைத் தொட்டிருந்த இந்தப் பெண்கள் அதைத் தனியாகச் சந்தித்தார்கள். அப்பா அம்மாவுக்கு அந்த அனுபவமே கிடையாது. அடையாளம் உருவாக உதவியவை எவை என்று 2009 ஆய்வில் கேட்டதற்கு, பிறந்த நாட்டுக்குப் போய் வருவதையும் தம் இனத்துப் பெரியவர்களோடு பழகுவதையும் வளர்ந்தவர்கள் முன்னிறுத்தினார்கள். ஆண்டுக்கொரு மண்டபக் கொண்டாட்டம் அதற்கு ஈடாகவில்லை. அந்த மண்டபங்களில் குழந்தைகள் பெரும்பாலும் சீனர்கள், பெரியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். சீனப் பெரியவர் என்று யாராவது இருந்தால் அவர் நடனம் சொல்லித்தரக் கூலிக்கு வந்தவர்.

இன்னொரு கொண்டாட்டமும் உண்டு: குழந்தையைக் கையில் வாங்கிய நாளின் ஆண்டு நிறைவு. கேக், படத்தொகுப்பு, அன்று நடந்ததைச் சொல்லும் கதை. பெற்றோருக்கு அது வாழ்நாளின் பெரிய நாள். குழந்தைக்கு அது தன்னை வளர்த்த ஆயாவையும் பழகிய தொட்டிலையும் தெரிந்த ஒரே மொழியையும் ஒரே மணி நேரத்தில் இழந்த நாள். வளர்ந்த பிள்ளைகள் பலர் இந்த விழாவை விரும்பவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு, அதைச் சத்தமில்லாமல் குடும்ப நாளாக மாற்றிய வீடுகள் பல, கைவிட்டவை சில. இதற்கிடையே சீனாவிலிருந்து வந்த செய்திகள் அந்த நாளின் மேல் வேறொரு நிழலைப் போட்டன. ஹுனான் மாநிலத்து இல்லங்கள் சில, வெளிநாட்டுப் பெற்றோர் செலுத்தும் நன்கொடைக்காகக் குழந்தைகளை விலைக்கு வாங்கியது 2005இல் அம்பலமாகி, மறு ஆண்டு தரகர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அதே மாநிலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து இல்லத்தில் சேர்த்ததைச் சீன இதழான காய்சின் 2011இல் எழுதியது. வாசலில் கிடந்தாள் என்று தாளில் எழுதியிருந்த எல்லாக் குழந்தைகளும் வாசலில் கிடந்தவர்கள் அல்ல. எந்தத் தாள் பொய், எது மெய் என்று தெரியாமல் கேக் வெட்டுவது எப்படி? இந்தக் கேள்விக்குப் பின் பல பெண்கள் மரபணுச் சோதனை மூலம் தம்மைப் பெற்றவர்களைத் தேடப் புறப்பட்டார்கள்.

இனி மலாயாவுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் சீனக் குடும்பங்கள் பல தம் பெண் குழந்தைகளைத் தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் கொடுத்தன. வறுமை முதல் காரணம். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சி அதைப் பெருக்கியது. அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்த சலிப்பும் உண்டு, ஜோதிடமும் உண்டு. புலி ஆண்டில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். 1938, 1950, 1962 மூன்றும் புலி ஆண்டுகள். பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லி நல்ல பெண்களைத் தட்டிக்கழித்த நமக்கு இது புரியாததல்ல. சீனருக்குள்ளேயே கொடுத்தால் குழந்தை முய்ச்சாய் என்ற வீட்டு அடிமைச் சிறுமியாகக்கூடும். சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1932இல் இயற்றப்பட்ட சட்டம் அந்த வழக்கத்தை ஒடுக்கப் பார்த்தது. தமிழர் வீட்டில் மகளாகவே வளர்ப்பார்கள் என்ற நம்பிக்கை சீனத் தாய்மாரிடம் இருந்தது. மருத்துவச்சியோ பக்கத்து வீட்டுக்காரியோ நடுவில் நின்று, சிறு தொகை ஒன்று கைமாறி, காரியம் முடிந்துவிடும். பிள்ளையில்லாதவர்கள் எடுத்தார்கள், ஒன்றை எடுத்து வளர்த்தால் சொந்தமாகவும் ஒன்று பிறக்கும் என்று நம்பியவர்களும் எடுத்தார்கள். சிவப்பாக இருக்கிறாள் என்று ஆசைப்பட்டு எடுத்தவர்களும் உண்டு. இதை மறைப்பதில் பொருள் இல்லை. சிங்கப்பூரில் இந்த வளர்ப்பு மகள்களின் வாழ்க்கையை ஆய்வாளர் தெரசா தேவசகாயம் ‘லிட்டில் டிராப்ஸ்’ என்ற நூலில் தொகுத்திருக்கிறார். 1950 டிசம்பரில் மலாய்க் குடும்பம் ஒன்று வளர்த்த டச்சுச் சிறுமி மரியா ஹெர்டோவை முன்வைத்து சிங்கப்பூரில் வெடித்த கலவரத்தில் 18 பேர் இறந்தார்கள். அது எல்லா வரலாற்று நூலிலும் இருக்கிறது. தமிழ் வீடுகளில் வளர்ந்த சீனப் பெண்களைப் பற்றிக் கலவரம் எதுவும் நடக்கவில்லை. அதனால் அதிகம் எழுதப்படவும் இல்லை.

இவர்களுடைய பெருநாள் எது? தீபாவளியும் பொங்கலும்தான். காது குத்தி, பொட்டு வைத்து, பாவாடை சட்டை போட்டு, தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்க்கப்பட்டார்கள். முறுக்கு பிழிந்தார்கள், கோலம் போட்டார்கள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார்கள். தமிழ்ப் பள்ளியில் படித்துத் தமிழ் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்கள். பெற்ற இனத்தின் பண்பாட்டைக் காப்பாற்றித் தரவேண்டும் என்ற எண்ணமே வளர்த்தவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் சீனப் பெருநாள் அந்த வீட்டுக்கு வராமலும் இல்லை. தீபாவளிக்குப் பக்கத்துச் சீன வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகும். சீனப் பெருநாளுக்கு அங்கிருந்து ஆரஞ்சுப் பழமும் பிள்ளைகளுக்கு அங்பாவ் என்ற பணம் வைத்த சிவப்பு உறையும் வரும். அங்பாவ் இன்று அங்குள்ள தமிழரின் தீபாவளி வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் பிறப்புப் பெருநாள் அவளுக்கு அண்டை வீட்டுப் பெருநாளாக வந்து போயிற்று.

அமெரிக்க வீடு குழந்தையின் பெருநாளைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்தது. தமிழ் வீடு குழந்தையைத் தன் பெருநாளுக்குள் கொண்டுவந்தது. இரண்டாவது முறையை இன்றைய ஆய்வுக் கண்ணால் பார்த்தால் குறை நிறையத் தெரியும்: பிறப்பை மறைத்தார்கள், கேட்டால் அதட்டினார்கள், கல்யாணப் பேச்சில்தான் பல பெண்களுக்கு உண்மை தெரிந்தது. முறையான பதிவு இல்லாமல் தத்துக்கொடுத்த குழந்தைகளில் சிலர் குடியுரிமை கிடைக்காமல் அல்லல்பட்டது மலேசியாவில் இன்றும் ஓயாத வழக்கு. ஆனால் அமெரிக்க வீட்டால் எவ்வளவு முயன்றும் வாங்கித்தர முடியாத ஒன்று அவளுக்கு விலையில்லாமல் கிடைத்தது. தெருவில் அவளைப்போன்ற முகங்கள் ஏராளம். மளிகைக்கடைக்காரர், டாக்டர், பேருந்து நடத்துநர், பள்ளித்தோழி என்று எங்கும் சீனர். பெற்றவர்கள் அதே ஊரில், சில சமயம் கூப்பிடு தூரத்தில் இருந்ததும் உண்டு. சேலை கட்டிய சீனப் பெண் தமிழில் பேரம் பேசினால் புதியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், ஊர்க்காரர்கள் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே எந்தப் பெருநாளைக் கொண்டாடுவது என்பதில் குழந்தையின் நலம் பெரிதாகத் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதே என் முடிவு. வளர்த்தவரின் பண்டிகையோ பெற்றவரின் பண்டிகையோ, எதைக் கொண்டாடினாலும் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. இரண்டு நாட்டு அனுபவமும் அதைத்தான் காட்டுகிறது. பண்டிகையால் ஈடுசெய்ய முடியாதவை இரண்டு: தன் முகம் கொண்ட பெரியவர்களோடு அன்றாடப் பழக்கம், பிறப்பைப் பற்றிய உண்மை. அமெரிக்க வீடுகளில் முதலாவது குறைந்தது. இரண்டாவதைச் சொல்ல அவர்கள் தயாராக இருந்தும், கையில் இருந்த தாள் நம்பத்தக்கதாக இல்லை. தமிழ் வீடுகளில் முதலாவது தாராளமாக இருந்தது, இரண்டாவது அடைத்து வைக்கப்பட்டது.

2024 செப்டம்பர் 5 அன்று சீன வெளியுறவு அமைச்சகம், நெருங்கிய உறவினர் தவிர வெளிநாட்டார் யாருக்கும் இனிக் குழந்தைகளைத் தத்துக்கொடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. அமெரிக்கக் கதை அதோடு நின்றது. ஆனால் அதைப் பற்றி நூல்களும் ஆவணப்படங்களும் சங்கப் பதிவுகளும் வேண்டிய அளவு இருக்கின்றன. மலாயாக் கதைக்கு அந்த வசதி இல்லை. 1950ஆம் ஆண்டுப் புலிக்குழந்தைகள் எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். 1938இல் பிறந்தவர்களில் இருப்பவர்கள் சிலரே. ஈப்போவிலும் பினாங்கிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் பேரப்பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பலகாரம் செய்துகொண்டிருக்கும் இந்தப் பாட்டிகளின் குரலைத் தமிழிலேயே பதிவு செய்யவேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் இதைக் கையில் எடுக்கலாம். அதற்கும் காத்திராமல், வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருப்பவர்கள் அடுத்த பெருநாளுக்குப் போகும்போது கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு அவரைப் பேசவிடுங்கள்.